கோப்பெங்கின் ஈயமும் ரப்பரும் ஈட்டிய வரி

ஓர் ஊரின் ஒரு பகுதியில் சாலையும் வடிகாலும் அமைத்தால் அங்குள்ள நிலத்தின் மதிப்பு ஏறும். மதிப்பு ஏறினால் வரியும் ஏறும். வரப்போகும் அந்த ஏற்றத்தை நம்பி இன்றே கடன் பெற்று அதே சாலையையும் வடிகாலையும் அமைத்துவிடலாம் என்பதே வரி உயர்வு நிதியாக்கம் எனப்படும் முறையின் கரு. 1952இல் கலிபோர்னியாவில் தொடங்கிப் பிற அமெரிக்க மாநிலங்களுக்கும் பரவிய இம்முறையில், எல்லை வகுக்கப்பட்ட பகுதியின் அன்றைய மதிப்பு அடிப்படையாகக் குறித்துவைக்கப்பட்டு, அதற்குரிய வரி வழக்கம்போல் பொதுக் கருவூலத்துக்குச் செல்ல, அதற்கு மேல் ஏறும் தொகை மட்டும் பல ஆண்டுகளுக்கு அப்பகுதியின் பணிகளுக்கே ஒதுக்கப்படுகிறது. விளைந்த இடத்திலேயே விளைச்சலின் ஒரு பங்கு தங்குவதற்கு அந்த எல்லைக்கோடே காவல்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கிலுள்ள கோப்பெங்கின் பழைய வரலாற்றில் அப்படியொரு கோட்டை யாரும் வரையவில்லை. எனினும் வருங்கால வருவாயை நம்பி இன்று செலவிடும் எண்ணம் இப்பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கில் ஆங்கிலேய ரெசிடெண்டு, அதாவது சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் நிருவாகத்தையே நடத்திய அதிகாரி, அமர்த்தப்பட்டார். 1877 முதல் 1889 வரை அப்பொறுப்பில் இருந்த ஹியூ லோவும் அவருக்குப் பின் வந்த பிராங்க் சுவெட்டன்ஹாமும், ஏற்றுமதியாகும் ஈயத்தின்மீது, அதாவது வெள்ளீயத்தின்மீது, விதித்த தீர்வையைச் சாலைகளிலும் இருப்புப்பாதைகளிலும் இட்டனர். பாதை நீண்டால் சுரங்கம் பெருகும், சுரங்கம் பெருகினால் தீர்வையும் பெருகும் என்பது அவர்களது கணக்கு. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகத்துக்கு 1885இல் திறக்கப்பட்ட மலாயாவின் முதல் இருப்புப்பாதை இக்கணக்கின் விளைவேயாகும்.

அத்தீர்வைக்குக் கோப்பெங் குறைவின்றிக் கொடுத்தது. இயூ கோங் என்ற சீன வணிகர் 1879இலேயே இங்கு யான் சாங் மருந்துக்கடையைத் திறந்தார் என்பதிலிருந்து, சுரங்கத் தொழிலாளரை நம்பி ஒரு கடைத்தெரு எழுந்துவிட்டதை அறியலாம். 1892இல் தோன்றிய கோப்பெங் ஈயச் சுரங்க நிறுவனம், மலையோடைகளின் நீரைப் பெருங்குழாய்களில் இறக்கி, அதன் அழுத்தத்தாலேயே மண்மேடுகளைக் கரைத்து ஈயமணலைப் பிரிக்கும் முறையைப் பெரிய அளவில் நடத்தியது. ஆயினும் தீர்வை முழுவதும் மாநிலக் கருவூலத்துக்கே சென்றது; அதைக் கொண்டு அமைந்த இருப்புப்பாதையும் கோப்பெங்கைத் தொடாமல் பத்து காஜா வழியாகச் சென்றுவிட்டது. ஈயம் கொடுத்த ஊருக்கு அதன் ஏற்றத்தில் வரையறுத்த பங்கு எதுவும் இல்லை.

ரப்பர் வந்தபோது வரிவரலாற்றில் தமிழர் நேரடியாக இடம்பெறுகின்றனர். கோப்பெங்குக்கும் பத்து காஜாவுக்கும் இடையில் வில்லியம் கெல்லி ஸ்மித் உருவாக்கிய கிந்தா கெல்லாஸ் போன்ற தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள்கள் தேவைப்பட்டனர். நீரிணைக் குடியேற்றங்களில் 1907இல் சட்டமாகிப் பேராக் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்த தமிழர் குடியேற்ற நிதி, தோட்டத்தில் தமிழர் உழைத்த நாள்களை எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப முதலாளியிடம் வரி தண்டியது. கங்காணிவழி ஆள்சேர்ப்புக்கும், நாகப்பட்டினம், ஆவடி முகாம்களுக்கும், கப்பல் பயணத்துக்கும் அதுவே செலவிட்டதால், பயணச் செலவு தொழிலாளியின் தலையில் கடனாக ஏறவில்லை. இது மெய்யான நன்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேறு பயனுக்குத் திருப்ப முடியாதபடி வேலிகட்டப்பட்ட அந்தப் பணம் மேலும் ஆள் வரவே பெரிதும் பயன்பட்டது; வந்தவர் வாழ்ந்த இடம் மேம்பட அன்று. கடைத்தெருவின் குப்பையையும் சாக்கடையையும் கவனித்த சுகாதார வாரியங்கள் நகர எல்லைக்குள் வீட்டுவரி தண்டி அதற்குள்ளேயே செலவிட்டன. தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களோ தனியார் நிலத்தில் நின்றமையால் அவற்றின் தண்ணீரும் கழிவறையும் தொழிலாளர் சட்டத்தின் கண்காணிப்புக்கும் நிருவாகத்தின் மனத்துக்கும் விடப்பட்டன.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், திட்ட விதி மாறுவதால் நிலமதிப்பு உயரும்போது உரிமையாளரிடம் மேம்பாட்டுக் கட்டணம் பெற இடம் தருகிறது. ரப்பர் நிலம் வீட்டுமனையாக மாறும் வட்டாரத்தில் இது பொருள் பொதிந்த அதிகாரம். ஆனால் இது ஒருமுறை செலுத்தும் கட்டணம். ஆண்டுதோறும் ஏறும் வரியை ஒரு பகுதிக்கென்றே கட்டிவைக்கும் ஏற்பாடு அன்று. அந்நிலத்தில் மூன்று தலைமுறை பால்மரம் சீவியவர்களுக்கென ஒரு பங்கையும் இச்சட்டம் வகுக்கவில்லை.

தொழிலாளரின் உழைப்பு நாள்களை எண்ணித் திரட்டிய தமிழர் குடியேற்ற நிதியில் அவர்கள் குடியிருந்த இடங்களுக்கு முதல் உரிமை இருந்திருக்க வேண்டும். பின்னாளில் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி எனப் பெயர் மாறிய அந்நிதி 1999இல் சட்டத்தின்வழிக் கலைக்கப்பட்டது; அதன் சொத்துகள் அரசாங்கத்திடம் சேர்ந்தன.