பொறியின் பாட்டு

1961-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறி ‘டெய்சி பெல்’ என்னும் பாடலைப் பாடிற்று. அறிஞர் ஜான் கெல்லியும் கரோல் லாக்பாமும் தொண்டை, வாய் ஆகியவற்றின் ஒலியியக்கத்தைக் கணக்கில் வடித்தே அக்குரலைப் படைத்தனர், பாடியவர் எவருமிலர்.

ஜப்பானிய யமஹா நிறுவனம் 2003-இல் அறிவித்த ‘வோகலாய்டு’ என்னும் மென்பொருள் வேறு நெறி கண்டது. மனிதர் ஒருவரின் குரலைப் பதிந்து, மெய்யிலிருந்து உயிருக்கு ஒலி மாறும் இடங்களையும் துணுக்குகளாக எடுத்து, சொல்லுக்கும் சுரத்துக்கும் ஏற்பக் கோத்தது. உயிர்மெய்யின் இயல்பறிந்த தமிழாசிரியர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

2007-இல் சப்போரோ நகரின் கிரிப்டன் நிறுவனம் இம்முறையில் வெளியிட்ட ‘ஹட்சுனே மிக்கு’ பின்னர் உலக மேடைகளிலும் ஏறிற்று. அக்குரலோ ஃபுஜிதா சாகி என்னும் நடிகையார் ஈந்தது. ஆகவே, பொறியைப் புகழ்வோர் குரல் ஈந்தாரையும் உடன் கூறுதல் கடன்.