கல்விக் கதவும் கணிப்பொறியும்

நம் முன்னோர்க்குக் கல்வி மறுக்கப்பட்ட நாளில், அடைத்த கதவும் அடைத்தவர் முகமும் கண்ணுக்குத் தெரிந்தன. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றை அடுத்து நம் குழந்தைகளுக்கெனப் பள்ளி நிறுவினார். அயோத்திதாசப் பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனாரும் எம்.சி. ராஜா அவர்களும் நம் கல்விக்காக வாதாடினர். கல்லூரி வரை செல்லப் பொருள் வேண்டுமே! அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபை உறுப்பினராயிருந்தபோது, 1944-இல், அவர்தம் முயற்சியால் உயர்கல்வி உதவித்தொகை பிறந்தது. இம்மலரைப் படிக்கும் பட்டதாரிகளுள் அதனால் கரையேறியோர் எத்தனை பேர் என்பதை அவரவரே அறிவர்.

2020 மார்ச்சில் கொள்ளைநோயால் கல்லூரிகள் மூடப்பட்டு, வகுப்பறை கைப்பேசிக்குள் புகுந்தது. அதற்கு முன் 2017-18-இல் நடுவணரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில், இந்திய நாட்டுப்புறக் குடும்பங்களில் கணினி உடையவை நூற்றுக்கு 4.4, நகரங்களில் 23.4. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் கொத்து வேலைக்குச் செல்லும் தந்தையின் சட்டைப் பையில் இருந்தது. பொறியியல் பயின்ற மூத்தவன் இரவில் ஏரிக்கரை ஏறி, அலை கிடைக்கும் இடத்தில் பாடம் கேட்டான். வருகைப் பதிவேட்டில் அவன் வராதவன்.

அதே ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்தது நம் இளைஞர் அறியற்பாலது. அங்கே பல்கலைக்கழக நுழைவுக்குரிய தேர்வுகள் கைவிடப்பட்டன. ஆசிரியர் மதிப்பிட்டனுப்பிய தரங்களைக் கணிப்பொறிச் சூத்திரம் ஒன்று திருத்தியது. மாணவன் எத்தகையவன் என்பதோடு, அவன் பள்ளியில் முந்தைய ஆண்டுகளில் பயின்றோர் எவ்வாறு தேறினர் என்பதையும் அது கணக்கிற்கொண்டது. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் சொல்லே நின்றது. அத்தகைய வகுப்புகள் தனியார் பள்ளிகளிலேயே மிகுதி. ஆகஸ்டு 13-இல் முடிவு வெளியானபோது, ஏறத்தாழ நூற்றுக்கு 39 தரங்கள் ஆசிரியர் தந்ததினும் தாழ்ந்திருந்தன. முன்னோர் நிலையைக் காட்டிப் பிள்ளையின் தகுதியை அளக்கும் முறை நமக்குப் புதிதா என்ன? மாணவர் வீதியில் இறங்கினர். நான்கே நாளில், ஆகஸ்டு 17-இல், சூத்திரம் கைவிடப்பட்டது.

அன்றைய சூத்திரம் எளியது. 2022-க்குப் பின் பரவிய செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் அதனினும் பன்மடங்கு சிக்கலானவை; பெரிதும் ஆங்கில நூல்களையும் எழுத்துகளையும் உண்டு வளர்ந்தவை. ஆயினும் வீட்டில் ஐயம் கேட்க ஒருவரும் இல்லாத முதல் தலைமுறை மாணவனுக்கு நள்ளிரவிலும் விடை கூறும் துணை அது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஏரிக்கரை மாணவனின் தங்கை இன்று நம் சங்கப் படிப்பகக் கணினியில் அதனிடம் கணக்குக் கேட்கிறாள். விடை பிழைபடும்போது கண்டுபிடித்தும் விடுகிறாள். அக்கணினிக்கு முன் மாலைதோறும் வரிசை நிற்கிறது.