பில்லுக்குள் ஒரு சாவி: சமச்சீர் மறையாக்கம் திருப்பூருக்கு வந்த வழி

திருப்பூரில் ஒரு பனியன் உருவாகி முடிவதற்குள் துணி பல கை மாறுகிறது. நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், தையல், பிரிண்டிங் என ஒவ்வொரு வேலையும் பெரும்பாலும் தனித்தனி நிறுவனத்தில் நடக்கிறது. ஆகவே துணியோடு சலானும் பில்லும் ஓடிக்கொண்டே இருக்கும். 2020 முதல் அந்த பில்கள் படிப்படியாக அரசின் கணினியில் பதிவெண் பெற்றுத் திரும்ப வேண்டியவையாயின. மென்பொருளிலிருந்து நேரடியாக அங்கே போகும் பில், ஏஇஎஸ் என்னும் மறையாக்க முறையால் பூட்டப்பட்டே போகிறது.

பூட்டவும் திறக்கவும் ஒரே சாவியைக் கையாளும் இம்முறைக்குச் சமச்சீர் மறையாக்கம் என்று பெயர். ராணுவமும் வங்கியும் வளர்த்த இந்த நுட்பம் ஜவுளி ஊரின் கணக்கறைக்கு வரி பில் வழியாக வந்தது. ரகசியம் முறையை விட்டுச் சாவிக்கு இடம்பெயர்ந்ததே இதன் வரலாறு. நிரல் எழுதத் தொடங்குபவர் இடறும் இடங்களும் அந்த இடப்பெயர்ச்சியை ஒட்டியே அமைகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முறையே ரகசியமாக இருந்த காலம்

தொழிற்குழுவினர் தமக்குள் மறைத்துப் பேசியதைத் தமிழ் இலக்கணம் வெகுகாலம் முன்பே பதிவு செய்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் அதைக் குழூஉக்குறி என வகைப்படுத்துகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். இங்கே சாவி என்று தனியாக எதுவும் இல்லை. சொற்பட்டியலைத் தெரிந்துகொண்ட வெளியாளுக்கு எல்லாமே புரிந்துவிடும்.

அடுத்த படியைக் காமசூத்திரத்துக்கு எழுந்த ஜயமங்கலா உரையில் காணலாம். அறுபத்து நான்கு கலைகளில் ஒன்றாக மறைமொழியைச் சொல்லும் மூலநூலுக்கு விளக்கம் தரும் அவ்வுரை, மூலதேவீயம் என்னும் முறையை விவரிக்கிறது. எழுத்துகளை இரண்டிரண்டாக இணைத்து, ஒன்றின் இடத்தில் அதன் இணையை எழுதுவதே முறை. மறைக்கப் பயன்படும் அதே அட்டவணை திரும்பப் படிக்கவும் போதும். சமச்சீர் என்ற பண்பு இங்கே முழுமையாகவே இருக்கிறது. ஆனால் அட்டவணை நூலில் ஏறிய பிறகு அதில் ரகசியம் ஏது?

முதல் பயிற்சியாக இதை நிரலில் எழுதிப் பார்ப்பது நல்லது. எழுத்தை ஓரிடம் தள்ளும் சீசர் முறையைத் தமிழில் முயன்றால் உடனே ஒரு தடை வரும். யூனிகோடு அட்டவணையில் 'க'வுக்கு அடுத்த மூன்று இடங்களும் காலி. 'ங' அவற்றைத் தாண்டித்தான் வருகிறது. எழுத்தைத் தொடாமல் அதன் பைட்டுகளைக் கையாள வேண்டும் என்ற பாடம் தமிழ் மாணவருக்கு முதல் நாளிலேயே கிடைத்துவிடுகிறது.

சாவிக்கு வந்த மதிப்பு

முறை எதிரியின் கையில் சிக்கினாலும் பாதுகாப்பு குலையக் கூடாது, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்ற கொள்கையை 1883-இல் வகுத்தவர் ஆகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ். 1917-இல் கில்பர்ட் வெர்னம் தந்தி அச்சுப்பொறிக்காக ஒரு வழி கண்டார். துளையிட்ட நாடாவில் உள்ள செய்தியின் ஒவ்வொரு துளையையும் சாவி நாடாவின் துளையோடு சேர்ப்பது அவர் வழி. அதே நாடாவை மறுமுறை சேர்த்தால் செய்தி பழையபடி வந்துவிடும். இன்றைய நிரல்களில் எக்ஸார் என்ற பெயரில் இருப்பது அந்தச் செயல்தான்.

ஐபிஎம் நிறுவனத்தில் ஹோர்ஸ்ட் ஃபைஸ்டல் உருவாக்கிய லூசிஃபர் என்னும் மறையாக்க முறையிலிருந்து கிளைத்த டிஇஎஸ், 1977-இல் அமெரிக்க அரசின் தரமுறையானது. அதன் சாவி நீளம் 56 பிட். 1998-இல் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் கட்டிய தனிப்பொறி, சாவிகளை ஒவ்வொன்றாக முயன்று மூன்று நாளுக்குள் அதை உடைத்தது.

இந்தியாவில் நிலைமை இன்னும் இறுக்கமாக இருந்தது. இணையச் சேவை உரிம விதிகள் முன் அனுமதியின்றி 40 பிட் சாவியை மட்டுமே ஏற்றன. 40 பிட் என்றால் ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி சாவிகள். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் டிஇஎஸ் தரும் சாவிகளில் அது 65,536-இல் ஒரு பங்கு. 2015 செப்டம்பரில் வந்த தேசிய மறையாக்கக் கொள்கை வரைவு, பயனர்கள் மூலச் செய்தியை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு எழுந்ததும் உடனே திரும்பப் பெறப்பட்டது.

இதற்கிடையில் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 1997-இல் புதிய முறைக்கு உலகளாவிய போட்டி அறிவித்தது. ஏற்கப்பட்ட 15 முறைகளில் ஐந்து இறுதிச் சுற்றுக்கு வந்தன. பெல்ஜியத்தின் யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரின் ரைன்டால் 2000 அக்டோபரில் தேர்வானது. 2001 நவம்பர் 26-இல் ஏஇஎஸ் என்ற பெயரில் தரமுறையாக வெளிவந்தது. எல்லாரும் பார்க்க, எல்லாரும் குறை சொல்ல நடந்த அந்தத் தேர்வு கெர்க்கோஃப்ஸ் சொன்னதை நடைமுறையாக்கியது.

பில் வழியே வந்த ஏஇஎஸ்

அரசிடம் பதிவெண் பெறும் பில்லான மின்-விலைப்பட்டியல் 2020 அக்டோபர் 1-இல் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. வரம்பு 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி என இறங்கி, 2023 ஆகஸ்ட் 1-இல் 5 கோடியைத் தொட்டது. ஏற்றுமதி பில்லும் இதில் அடங்கும். பெரிய ஏற்றுமதியாளரோடு தொடங்கிய கட்டாயம் மூன்றே ஆண்டில் நடுத்தர ஜாப் ஒர்க் நிறுவனங்கள் வரை வந்து சேர்ந்தது.

தேசியத் தகவலியல் மையத்தின் தளத்தோடு நேரடியாகப் பேசும் மென்பொருள் முதலில் 32 பைட் அளவில் ஒரு தற்காலிகச் சாவியை உருவாக்க வேண்டும். அதையும் கடவுச்சொல்லையும், பூட்டத் தனிச் சாவியும் திறக்கத் தனிச் சாவியும் கொண்ட ஆர்எஸ்ஏ முறையில், தளத்தின் பொதுச்சாவியால் பூட்டி அனுப்ப வேண்டும். தளம் ஓர் அமர்வுச் சாவியை அந்தத் தற்காலிகச் சாவியால் பூட்டித் திருப்பித் தரும். அதன்பின் ஒவ்வொரு பில்லும் அமர்வுச் சாவியைக் கொண்டு, 256 பிட் ஏஇஎஸ் முறையில் பூட்டப்பட்டுப் போகும். முறை அரசின் ஆவணத்தில் வெளிப்படையாக இருக்கிறது. ரகசியம் முழுவதும் அந்த 32 பைட்டுக்குள். சிறு நிறுவனங்கள் பல ஜிஎஸ்டி சுவிதா நிறுவனங்கள் என்னும் இடைநிலையாளர்கள் வழியாகப் போவதால் இந்தப் படிகளை நேரில் காண்பதில்லை. அவற்றை இணைக்கும் நிரலாளருக்குத்தான் இது அன்றாடப் பாடம்.

எழுதிப் பார்ப்பவர் இடறும் இடங்கள்

ஏஇஎஸ் 16 பைட்டை நான்குக்கு நான்கு கட்டமாக வைத்துக்கொண்டு நான்கு வேலைகள் செய்கிறது: பைட்டை மாற்றுதல், வரிசையை நகர்த்துதல், நெடுவரிசையைக் கலத்தல், சாவியைச் சேர்த்தல். 256 பிட் சாவிக்கு 14 சுற்று. கடைசிச் சுற்றில் நெடுவரிசைக் கலப்பு கிடையாது. இதை மறந்தால் விடை தவறிவிடும். தரமுறை ஆவணத்தின் பின்னிணைப்பில் சுற்றுவாரியான இடைவிடைகள் அச்சாகியிருப்பதால், பிழை எந்தச் சுற்றில் நுழைந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது நீளக் கணக்கு. 'திருப்பூர்' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் பத்துக் குறியீடு. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட், மொத்தம் 30. இரண்டு கட்டத்துக்கு 32 பைட் வேண்டும் என்பதால், 2 என்ற எண்ணை மதிப்பாகக் கொண்ட இரண்டு பைட்டுகளை நிரப்பு விதி கடைசியில் சேர்க்கிறது. எழுத்தை எண்ணி நீளத்தை முடிவு செய்யும் நிரல், ஆங்கில பில்லில் ஒழுங்காக ஓடி, தமிழ் முகவரி வந்ததும் நின்றுவிடும்.

மூன்றாவது, கட்டங்களைக் கோக்கும் விதம். அரசுத் தளம் ஏற்கும் இசிபி முறையில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே பூட்டப்படுகிறது. ஒரே சாவியில் ஒரே உள்ளடக்கம் எப்போதும் ஒரே விளைவையே தரும். கோடு போட்ட துணியைச் சாயத்தில் முக்கினால் நிறம் மாறும், கோடு மறையாது, இசிபியும் அப்படித்தான். ஆனால் பில் போகும் பாதையே டிஎல்எஸ் என்ற இன்னொரு மறையாக்கத்துக்குள் இருக்கிறது. அமர்வுச் சாவியும் ஆறு மணி நேரத்தில் காலாவதியாகிறது. அந்தத் துணைகள் இல்லாத இடத்தில், உதாரணமாக ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர் பட்டியலையோ சாய ரெசிபியையோ சேமித்து வைக்கும் இடத்தில், இதே நிரல் துண்டை எடுத்து ஒட்டுவது ஆபத்து. அங்கே மாற்றத்தையும் கண்டுபிடித்துத் தரும் ஜிசிஎம் முறையே தகும்.

கையால் எழுதிய ஏஇஎஸ்ஸை உண்மையான பில்லில் ஓடவிடவும் கூடாது. ஏஇஎஸ்ஸின் உள் அட்டவணைகளில் தேட ஆகும் நேர வேறுபாட்டை அளந்தே சாவியைக் கண்டுபிடிக்க முடியும் என்று டேனியல் பெர்ன்ஸ்டைன் 2005-இல் காட்டினார். நன்கு சோதிக்கப்பட்ட நூலகங்களும், செயலிகளுக்குள்ளேயே அமைந்த ஏஇஎஸ் கட்டளைகளும் அந்தக் கசிவைத் தடுக்கின்றன. எனவே திருப்பூர் வட்டாரக் கல்லூரிகளில் இதைக் கற்பிப்போர் மூலதேவீய அட்டவணையில் தொடங்கி, வெர்னமின் எக்ஸார் வழியாக ஏஇஎஸ்ஸின் ஒரு சுற்றை மாணவர் கையால் எழுத வைத்து, பிறகு நூலகத்துக்கு மாற்றலாம். மீதிப் பாட நேரம் முழுவதையும் சாவியை எங்கே உருவாக்குவது, எங்கே வைப்பது, எப்போது அழிப்பது என்ற மூன்று கேள்விகளுக்குக் கொடுக்க வேண்டும்.