வராத அலை

நெட்டலை, குறுக்கலை என்ற இரண்டையும் நான் முதலில் மலாயில்தான் மனனம் செய்தேன்: கெலொம்பாங் மெம்புஜூர், கெலொம்பாங் மெலிந்தாங். துகள்கள் அலை போகும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைந்தால் முதலாவது. அதற்குச் செங்குத்தாக அசைந்தால் இரண்டாவது. சோதனைக்கு அவ்வளவு போதும். பூமியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க உதவியதே இந்த வேறுபாடுதான் என்பது பின்னாளில் வாசித்துத் தெரிந்துகொண்டது.

விஷயம் ரொம்ப எளிது. அமுக்கினால் திரும்பத் தள்ளும் எந்தப் பொருளிலும் நெட்டலை ஓடும். கல், தண்ணீர், காற்று மூன்றும் அப்படித்தான். குறுக்கலைக்கு இன்னொன்று வேண்டும். பக்கவாட்டில் இழுத்துவிட்டால் பொருள் தன் பழைய வடிவத்துக்கு மீளணும். கல் மீளும். தண்ணீருக்கு ஏது வடிவம்? வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் திரவத்தின் உள்ளே குறுக்கலை போகாது. திடப்பொருளில் இரண்டு வகையும் உண்டு என்று பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கணக்கில் காட்டிவிட்டார். பூமியில் அதைப் பிரித்துப் பார்க்க ஒரு பெரிய நிலநடுக்கம் வரவேண்டியிருந்தது.

1897 ஜூன் 12இல் அஸ்ஸாம் குலுங்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்ட்ஹாம், ஐரோப்பியக் கருவிகள் அன்று பதிந்த கோடுகளை ஆராய்ந்தார். முதலில் ஒரு சிறு நடுக்கம், பிறகு இன்னொன்று, கடைசியில் தரைவழியே வந்த பெரிய ஆட்டம். முதலில் வந்தது நெட்டலை, அடுத்தது குறுக்கலை என்று 1900இல் எழுதினார். மேலோட்டுப் பாறையில் நெட்டலை நொடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஓடும், குறுக்கலை 3.5தான்.

1906இல் அவரே, பூமிக்கு நடுவில் வேறுவிதமான ஒரு கரு இருக்கிறது என்றார். மறுகோடி நிலையங்களுக்குக் குறுக்கலை தாமதமாக வருகிறது என்பது அவர் காட்டிய காரணம். ஆனால் அவர் குறுக்கலை என்று எடுத்துக்கொண்டது வேறு அலை. உண்மையான குறுக்கலை அங்கே நேராக வரவே இல்லை. நான் நின்று யோசிப்பது இந்த இடத்தில்தான். விருந்துக்குப் பிந்தி வந்தவரை எல்லாரும் பார்த்துவிடுவோம். வராதவரைக் கவனிக்க, அவர் வரவேண்டியவர் என்று முதலிலேயே தெரிந்திருக்கணும்.

பிறகு பெனோ குட்டன்பெர்க், கரு சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது என்று கணித்தார். அப்போதும் அது திரவம் என்று முடிவாகிவிடவில்லை. 1926இல் ஹெரால்ட் ஜெஃப்ரிஸ், நிலவின் இழுப்பில் பூமி எவ்வளவு நெளிகிறது என்பதை நிலநடுக்க அலைகளோடு ஒப்பிட்டார். வெளிப்பாறை இவ்வளவு உறுதியாக இருந்தும் பூமி அவ்வளவு நெளிகிறது என்றால், உள்ளே இருப்பது திரவமாகத்தான் இருக்கணும் என்றார். ஓல்ட்ஹாமின் கட்டுரைக்கும் இதற்கும் இடையில் 20 ஆண்டுகள்.

கதை அங்கேயும் முடியவில்லை. டென்மார்க்கின் இங்கே லேமன், நெட்டலை எட்டவே கூடாத நிழல் பகுதியில் மெலிதாகச் சில நெட்டலைகள் பதிவாகியிருப்பதைக் கவனித்தார். கருவுக்குள் இன்னொரு கரு இருந்தால்தான் அவை அப்படித் திரும்பி வரமுடியும் என்று 1936இல் வெளியிட்டார். அந்த உட்கரு திடம் என்பது பிறகு உறுதியானது. திடம் என்றால் அதற்குள் குறுக்கலை ஓடியாக வேண்டும். அதைக் கடந்து வரும் அந்த மெல்லிய அலையைச் சந்தேகமில்லாமல் பிடித்துவிட இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறார்கள்.