செங்கல் தூளில் நூறாண்டு

மைதானங்களின் கதை

முல்லைப் பெரியாறு அணையின் கட்டுமானம் 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் ஆட்கள் மலைக்காட்டுக்குள் சுண்ணாம்பையும் சுர்க்கியையும் அரைத்துக் கலந்துகொண்டிருந்த அந்த வருடங்களில்தான், 1891-ல், பாரிஸில் ஒரு டென்னிஸ் போட்டி ஆரம்பமானது. அணைக்கும் ஆட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் பிரெஞ்சு ஓபன் என்று இன்று உலகம் பார்க்கிற அந்தப் போட்டி நடக்கும் தரைக்கும் அதே இரண்டு சரக்குதான்: சுண்ணாம்புக்கல், செங்கல் தூள்.

சுர்க்கியை நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெருந்துறை, காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் மிஞ்சியிருக்கும் பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் வயதான கொத்தனார் யாரையாவது கூட்டிப்போய்க் கேட்டால், வெந்த செங்கல்லை இடித்துச் சலிக்கும் பக்குவத்தை மணிக்கணக்கில் சொல்வார். டி.வி.யில் பாரிஸ் மைதானத்தைப் பார்க்கிறவர்கள் அந்தச் சிவப்பைச் செம்மண் என்று நினைத்துவிடுகிறார்கள். அது சூளையில் வெந்த சிவப்பு.

ஆடுகளத்தை வெட்டிப் பார்த்தால் அடுக்கு அடுக்காக இருக்கும். அடியில் கல். அதன்மேல் சரளை. அதற்கும் மேலே நிலக்கரி எரிந்து மிஞ்சிய கசடு. பிறகு ஆறேழு சென்டிமீட்டர் கனத்துக்கு நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல். கடைசியாகத்தான் செங்கல் தூள், அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும். உண்மையில் ஆடுகளம் என்பது அந்த வெள்ளைச் சுண்ணாம்புதான்; சிவப்பு வெறும் மேல்பூச்சு. சுண்ணாம்புக்கல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மேலே விடும். ஈரம் குறைந்தால் தூள் பறக்கும், கூடினால் பந்து எழும்பாது. அதனால் ஆட்டம் முடிந்த இரவிலும் ஆட்டங்களுக்கு நடுவிலும் ஆட்கள் குழாயோடு நின்று நனைக்கிறார்கள். செட் முடிந்ததும் தரைமேல் தனி வலை ஒன்றை இழுத்து அதைச் சமன்செய்து, கோடுகளைத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டுப் போகிறார்கள். பரிசுக் கோப்பையில் பெயர் ஏறாத இவர்களின் கைவேலை இல்லாமல் அங்கே ஒரு பாயின்ட்கூட ஆட முடியாது.

செங்கல் தூள் தரை எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். விம்பிள்டனில் கொடிகட்டிப் பறந்த ரென்ஷா சகோதரர்கள், 1880 வாக்கில் பிரான்ஸின் தென்கரையில் உள்ள கான் நகரில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார்களாம். வெயிலில் புல் கருகிப்போகவே, பக்கத்து வல்லோரி ஊரின் மண்பாண்டச் சூளைகளில் கழித்துப்போட்ட உடைந்த பானைகளைத் தூளாக்கி மேலே தூவினார்களாம். வெயில் கொளுத்துகிற ஊரில் புல் தரையை வளர்த்துக் கட்டுப்படியாகாது என்பதை நாம் சுலபமாக நம்பலாம்.

1891-ல் தொடங்கிய போட்டி முதல் 34 வருடங்கள் ஒரு வீட்டு விசேஷமாகவே நடந்தது. பிரெஞ்சு கிளப்புகளில் உறுப்பினராக இருப்பவர்கள் மட்டும்தான் ஆடலாம். முதல் சாம்பியன் பாரிஸில் குடியிருந்த பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயர். அவரும் கிளப் உறுப்பினர் என்பதால்தான் ஆட முடிந்தது. பெண்களுக்கு 1897-ல் இடம் கிடைத்தது. பெரிய போட்டி ஒன்று இத்தனை காலம் கதவைச் சாத்தி வைத்திருந்தது தவறு என்றே நான் சொல்வேன். 1925-ல்தான் வெளிநாட்டினருக்கு வழி திறந்தது. அந்த வருடம் ஆண்களில் ரெனே லாகோஸ்ட், பெண்களில் சுசான் லெங்லென். கதவு திறந்த முதல் வருடமே வீட்டுக்காரர்கள் இரண்டு கோப்பைகளையும் விட்டுக்கொடுக்கவில்லை.

லாகோஸ்ட், கோஷே, போரோத்ரா, புருன்யோன் நால்வரையும் பிரான்ஸ் 'மஸ்கட்டியர்கள்' என்று கொண்டாடியது. 1927-ல் இவர்கள் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்கே போய், பில் டில்டன் ஆடிய அணியை வென்று டேவிஸ் கோப்பையைக் கொண்டுவந்துவிட்டார்கள். மறுவருடம் கோப்பையைக் காக்கும் ஆட்டம் பாரிஸில் நடக்க வேண்டும். வரப்போகிற கூட்டத்தைத் தாங்க ஊரில் மைதானம் இல்லை. ஸ்டாட் பிரான்சே கிளப் போர்ட் தோத்தெய் அருகே மூன்று ஹெக்டேர் நிலம் கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான்: போரில் இறந்த தங்கள் பழைய உறுப்பினர் ரோலண்ட் காரோஸின் பெயரை மைதானத்துக்கு வைக்க வேண்டும். அதில் உறுதியாக நின்றவர் காரோஸின் கல்லூரித் தோழர் எமில் லெசியர்.

காரோஸ் டென்னிஸில் பெயர் வாங்கியவர் அல்ல. 1913 செப்டம்பர் 23-ல் மத்தியதரைக் கடலை முதன்முதலில் விமானத்தில் இடைநில்லாமல் கடந்தவர். பிரான்ஸின் பிரெஜூஸில் கிளம்பி, ஏறக்குறைய எட்டு மணி நேரம் பறந்து, துனிசியாவின் பிசெர்டாவில் இறங்கினார். முதல் உலகப் போரில் போர்விமானி. 1915-ல் ஜெர்மானியரிடம் பிடிபட்டார், 1918 பிப்ரவரியில் தப்பி வந்தார், மறுபடி போருக்குப் போனார். அக்டோபர் 5-ல் சுட்டு வீழ்த்தப்பட்டார். மறுநாள் அவருக்கு முப்பதாவது பிறந்தநாள்.

அவர் பிறந்த ஊரைத் தமிழர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் சான் தெனி. 1848-ல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழ்க் கூலிகள் ஆயிரக்கணக்கில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். காரோஸ் 1888-ல் பிறந்தபோது அந்தக் குடும்பங்கள் அந்தத் தீவில் வேர்விட்டிருந்தன. இன்றும் அங்கே கோயில்கள் இருக்கின்றன, தீமிதி நடக்கிறது. பாரிஸ் மைதானத்துக்கு வைத்த அதே பெயர்தான் அந்தத் தீவின் விமான நிலையத்துக்கும். 

1928-ல் புது மைதானத்தில் பிரான்ஸ் டேவிஸ் கோப்பையைத் தக்கவைத்தது. 1932 வரை விடவில்லை. அடுத்த பத்தாண்டுக்குள் அந்த இடத்தின் கதை இருண்டுபோனது. 1939-ல் உலகப் போர் மூண்டதும், பிரெஞ்சு அரசு சந்தேகத்துக்குரிய அந்நியர்களைப் பிடித்து ரோலண்ட் காரோஸில் அடைத்தது. பெரும்பாலானோர் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த அகதிகள். எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லரும் அவர்களில் ஒருவர். கேலரிக்கு அடியில் வைக்கோலில் படுத்துக் கிடந்ததை அவர் பின்னால் எழுதினார். போட்டியின் பெருமையைப் பாடும் நூல்களில் இந்த மாதங்கள் அநேகமாக ஒரு வரியில் முடிந்துவிடும். அது நியாயமில்லை.

போருக்குப் பிந்தைய வருடங்களைத் தாண்டி 1968-க்கு வருவோம். அதுவரை பெரிய போட்டிகளில் அமெச்சூர்கள் மட்டுமே ஆடலாம் என்று விதி. அந்த விதி போன பிறகு நடந்த முதல் கிராண்ட்ஸ்லாம் இதுதான். நேரம் பார்த்து வந்ததோ மே மாத மாணவர் கிளர்ச்சி. பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம், ரயில் இல்லை, பெட்ரோல் இல்லை. வீரர்கள் கிடைத்த வண்டியில் வந்து சேர்ந்தார்கள். ஊரே அடைத்துக் கிடந்ததால் மைதானம் நிரம்பி வழிந்தது. ராட் லேவரை வென்று கென் ரோஸ்வால் சாம்பியன் ஆனார். தொழில்முறை வீரர்களுக்குக் கதவு திறந்தாலும், எல்லாச் சுற்றுகளிலும் ஆண், பெண் இருவருக்கும் சமப் பரிசு வர 2007 ஆனது.

இந்தத் தரையில் பந்து தூளில் பிடித்துக்கொண்டு, வேகம் குறைந்து, உயர எழும்பும். புல்லில் ஒரே அடியில் முடிகிற பாயின்ட் இங்கே இருபது அடி போகும். பலமான சர்வீஸை நம்பி வந்த மகா வீரர்கள் பலர் இங்கே தோற்றுத் திரும்பியிருக்கிறார்கள். விம்பிள்டனை ஏழு முறை வென்ற பீட் சாம்ப்ராஸ் இங்கே ஒரு இறுதி ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. பொறுமையும் காலும் உள்ளவர்களுக்கு இது சொந்த வீடு. பியான் போர்க் ஆறு முறை, கிறிஸ் எவர்ட் ஏழு முறை, ரஃபேல் நடால் 14 முறை வென்றார்கள். இந்தப் போட்டியின் ஒற்றையரில் நடால் ஆடியது 116 ஆட்டம், தோற்றது நான்கு. எந்த விளையாட்டிலும் ஒரு மைதானத்தை ஒருவர் இப்படி ஆண்டதாக எனக்குத் தெரியாது.

நம் கணக்குக்கு வருவோம். 1962-ல் ராமநாதன் கிருஷ்ணன் இங்கே கால் இறுதி வரை போனார். அவர் மகன் ரமேஷ் 1979-ல் சிறுவர் ஒற்றையர் பட்டம் வென்றார். அதே வருடம் விம்பிள்டன் சிறுவர் பட்டமும் அவருக்குத்தான். 1997-ல் சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி, ஜப்பானின் ரிகா ஹிராகியோடு கலப்பு இரட்டையர் கோப்பையை வென்றார். கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்ற பெயர் இந்தச் செங்கல் தரையில்தான் எழுதப்பட்டது. 1999-லும் 2001-லும் லியாண்டர் பயஸோடு இரட்டையர், 2012-ல் சானியா மிர்சாவோடு கலப்பு இரட்டையர் என்று பூபதிக்கு இங்கே மட்டும் நான்கு கோப்பைகள்.

ஒற்றையர் ஆட்டத்தில்தான் இடைவெளி. ரமேஷுக்குப் பிறகு பாரிஸில் சிறுவர் ஒற்றையர் பட்டம் எந்த இந்தியனுக்கும் கிடைக்கவில்லை. செங்கல் தரையில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டி ஒன்றின் பிரதானச் சுற்றில் ஒரு இந்தியர் ஒற்றையர் ஆட்டத்தை முதன்முதலாக வென்றதே 2024-ல்தான்: மான்டி கார்லோவில் சுமித் நாகல். இதற்குப் பெரிய ஊர் வேண்டும் என்பதில்லை: ஸ்பெயினில் நடாலின் ஊரான மனாகோர் ஒன்றும் மாநகரம் இல்லை. இன்னொரு ஸ்பெயின் வீரர் அல்கராஸின் எல் பால்மரும் அப்படித்தான். அங்கெல்லாம் பையன் மட்டை பிடிக்கும் முதல் நாளே செங்கல் தூளில் சறுக்கப் பழகுகிறான். நம் பக்கம் புதிதாகப் போடும் கோர்ட் பெரும்பாலும் சிமெண்ட்டோ சிந்தெடிக்கோதான். பராமரிக்க ஆள் வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்பது காரணம். தண்ணீர்க் கவலை உள்ள வட்டாரத்தில் அது புரிகிற காரணம்தான். இருந்தாலும் மாவட்டத்துக்கு இரண்டு தளமாவது செங்கல் தூளில் போட முடியும், போட வேண்டும். சுர்க்கி இடிக்கத் தெரிந்த ஊர்கள் இவை.

பாரிஸ் இன்னும் ஒரு பழைய வழக்கத்தை விடவில்லை. மற்ற மூன்று கிராண்ட்ஸ்லாம்களும் கோட்டைப் பார்க்கும் வேலையைக் கருவியிடம் கொடுத்துவிட்டன. விம்பிள்டன் 2025-ல் கொடுத்தது. அதே 2025-ல் பாரிஸில் மனிதர்கள்தான் கோட்டோரம் நின்றார்கள். சந்தேகம் வந்தால் நடுவர் நாற்காலியை விட்டு இறங்கி, தூளில் பந்து பதித்த தடத்தைக் குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். அந்த வருட இறுதி ஆட்டத்தில் முதல் இரண்டு செட்டை இழந்த அல்கராஸ், தோல்விக்கு ஒரே பாயின்ட் என்ற நிலையை மூன்று முறை தாண்டி, சின்னரை வென்றார். 5 மணி 29 நிமிடம். இந்தப் போட்டியின் மிக நீண்ட இறுதி ஆட்டம். ஆட்டக்காரர்கள் இருவரின் காலுறைகளும் செங்கல் தூளில் சிவந்து போயிருந்தன.

(தொடரும்)