கொக்கிரகுளத்தில் மிஞ்சிய பிரேம்கள்: செய்திப் புகைப்படமும் ‘கண’க் கோட்பாடும்

செய்திப் புகைப்படத் திறனைப் பற்றிய பேச்சு பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோனைத் தொடாமல் நகர்வதில்லை. நிகழ்வின் பொருளும் காட்சியின் வடிவமும் நொடிக்கும் குறைந்த பொழுதில் ஒன்றுகூடும். அதை உணர்ந்து அழுத்துவதே திறன் என்பது 1952இல் வந்த அவர் நூலின் முன்னுரைக் கருத்து. 1999இல் நெல்லையின் கொக்கிரகுளத்தில் எடுக்கப்பட்ட படங்களுக்கு இது பொருந்தாது என்பது என் வாதம். அவருடைய பாரிஸ் படத்துக்கே முழுக்கப் பொருந்துமா என்பதும் ஐயம்தான்.

அவர் கோட்பாட்டுக்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது பாரிஸின் செயின்ட் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் தேங்கிய நீரைத் தாண்டும் மனிதனின் படம் (1932). வேலி இடுக்கில் லென்ஸை வைத்து எடுத்தது அது. ஓரத்தில் விழுந்த மறைப்பை வெட்டிய பிறகே நாம் அறிந்த வடிவம் கிடைத்தது. போருக்கு முன் தம் நெகட்டிவ் சுருள்களைத் துண்டாக்கி, வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டார் என்பது இன்னும் முக்கியம். அக்கம்பக்கத்துப் பிரேம்கள் போய்விட்டன. ஒற்றைக் கணம் என்று நாம் வியப்பதில் கத்தரிக்கோலுக்கும் பங்குண்டு.

திருவண்ணாமலையில் 1950 ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தபோது பிரெஸ்ஸோன் அங்கே இருந்தார். வானில் எரிநட்சத்திரம் ஒன்றைக் கண்டு நேரம் பார்த்தார்: இரவு 8:47. அந்த ஒளிக்குப் படம் இல்லை, நேரம் இருக்கிறது. நெல்லையில் நிலைமை தலைகீழ்: படங்கள் இருக்கின்றன, நேரம் இல்லை.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலம் கொக்கிரகுளத்தில் தடியடிக்கு உள்ளானது. ஒரு பக்கம் காவலர், மறுபக்கம் தாமிரபரணி. ஒரு குழந்தையும் பெண்கள் இருவரும் உட்பட 17 பேர் இறந்தனர். நீரில் தத்தளிப்பவர்களும் கரையில் தடியோங்கிய காவலர்களுமாக அச்சில் வந்த படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

அப்படங்கள் இருப்பதே ஒரு செய்தியைச் சொல்கிறது. ஒரு ரோலில் 36 பிரேம்கள். நொடிக்கு மூன்று பிரேம் ஓடும் கேமராவில் விரலை எடுக்காமல் அழுத்தினால் பன்னிரண்டு நொடியில் தீர்ந்துவிடும். தலைவர்கள், கொடிகள், முழக்கம் என்று ஊர்வலத்தில் எடுக்க எவ்வளவோ உண்டு. கலவரம் ஆற்றுக்கு இறங்கியபோதும் யாரோ ஒருவரிடம் பிலிம் மிஞ்சியிருந்திருக்கிறது. சிக்கனமாக எடுத்திருக்கலாம், ஓடிக்கொண்டே புது ரோல் மாட்டியிருக்கலாம், தோளில் இரண்டாவது கேமரா தொங்கியிருக்கலாம். எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றில் எதுவானாலும் திறன், கணத்துக்கு முன்பே செயல்பட்டிருக்கிறது. தினமலர் 1957இல் திருவனந்தபுரத்திலிருந்து நெல்லைக்கு வந்த காலத்தில் படம் அச்சேற உலோக அச்சுக்கட்டை (பிளாக்) செய்தாக வேண்டியிருந்தது. அங்கிருந்து பிலிம் ரோலுக்கும், பிறகு டிஜிட்டலுக்கும் வந்த பாதையில் மாறாமல் வந்தது இந்த முன்யோசனைதான், விரல் வேகம் அல்ல.

இச்சம்பவத்தை விசாரித்த நீதிபதி மோகன் ஆணையத்தின் முன் இருந்த கேள்விகள் நிகழ்வுகளின் வரிசையைப் பற்றியவை. முதல் கல் எங்கிருந்து வந்தது? மக்கள் ஆற்றில் இறங்கினார்களா, விரட்டப்பட்டார்களா? ஒற்றைக் கணம் இதற்கு விடை சொல்லாது. நெகட்டிவ் விளிம்பில் 21, 21ஏ, 22 என்று அச்சாகியிருக்கும் எண்கள் ஓரளவு சொல்லும். எது முன், எது பின் என்பதை அவை காட்டும், மணியைக் காட்டா. அச்சான படத்தில் அந்த விளிம்பும் கிடையாது. இச்சம்பவம் பற்றிய ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ ஆவணப்படத்துக்குச் சான்று மதிப்பு கூடுதல் என்று நான் கருதுவது இதனால்தான்: அசையும் படத்தில் ஒன்றன்பின் ஒன்று வருகிறது.

டிஜிட்டல் கேமரா நொடியையும் கோப்பிலேயே பதிக்கிறது, கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருந்தால். ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையிலிருந்து வாட்ஸ்அப்பில் பறந்த படங்களில் அந்தத் தகவல் உதிர்ந்துவிட்டது. செயலி அதை நீக்கித்தான் அனுப்புகிறது.

1999இன் சுருள்களை வைத்திருக்கும் நாளிதழ்களும் புகைப்படக்காரர்களும் நல்ல பிரேமை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு மற்றதை எறிந்துவிட வேண்டாம். விளிம்பு எண்ணோடு முழுச் சுருளையும் ஸ்கேன் செய்து வையுங்கள்.