மூழ்கிப் போன வழக்கு

வரப்புத் தகராறில் வயலையே விற்றுத் தீர்த்த பங்காளிகளை நான் அறிவேன். வழக்குக்குரிய இடத்தையே தண்ணீரில் அமிழ்த்திவிட்டுச் சமாதானமான பங்காளிகள் பிரேஸிலும் பராகுவேயும்.

பரானா நதியின் குவைரா அருவியருகே எல்லை எது என்பதில் இருவருக்கும் நெடுநாள் சச்சரவு. 1965-ல் பிரேஸில் துருப்புகள் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டன. 1966-ல் சமரசம், 1973-ல் இட்டைப்பூ ஒப்பந்தம். அணை பொது, மின்சாரம் ஆளுக்குப் பாதி, பராகுவே தன் பங்கில் மிஞ்சியதைப் பிரேஸிலுக்கே கொடுக்க வேண்டும். அதற்குக் கிடைத்த ஈட்டுத்தொகை போதாதென்று பராகுவே முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. 2009-ல்தான் அதை மும்மடங்காக்கப் பிரேஸில் இசைந்தது.

1982-ல் நீர்த்தேக்கம் நிரம்பியது. வழக்கு மூழ்கியது, அருவியும் மூழ்கியது. 1984-ல் மின்சாரம் பிறந்தது. இன்று 20 இயந்திரங்கள், 14,000 மெகாவாட் சக்தி. பிரமாதமான சாதனைதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் கையெழுத்திட்ட இரு ஸர்க்கார்களும் ராணுவ ஸர்க்கார்கள். கரையில் குடியிருந்த குவரானி மக்களின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? அவர்களுடைய ஊர்களும் தண்ணீருக்குள் போயின. அவர்களுக்கென்று அணையில் மிஞ்சியது பெயர் ஒன்றுதான். 'இட்டைப்பூ' அவர்கள் பாஷைச் சொல். 'ஓசையிடும் கல்' என்று பொருள். அணை கட்டிய இடத்திலிருந்த சிறு தீவின் பெயராம் அது.

பங்காளிகள் ராசியாகிவிட்டார்கள். சந்தோஷம். குடியிருந்தவனுக்குத்தான் வீடில்லை.